சித்தி வீட்டுக்கு இன்னொரு பெயர்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. அக்கா போனில் சொன்னது. கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரியாக 'போர் என்பது மொழியின் தோல்வி, ஏனென்றால்—' என்று ஆரம்பித்து, அடித்துவிட்டேன். போரில் மொழி எங்கே தோற்றது? அது மட்டும்தான் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வருகிறது.

2

அக்கா மொழிபெயர்ப்பாளர். பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் பேசப்பேச, தொலைக்காட்சி நிலையத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து நேரலையில் நம் மொழியில் சொல்வாள். 'செயலிழக்கச் செய்தல்', 'தூய்மைப்படுத்தல்', 'பக்கவிளைவு' எல்லாம் நாக்கு நுனியில். (ஒன்று சோப்பு உறையில் இருந்த சொல், இன்னொன்று மாத்திரை அட்டையில் இருந்தது. யார் இடம் மாற்றினார்கள்?)

அன்று அவர் சொன்னார், அக்காவும் சொன்னாள்: "ஆற்றுக்கு அக்கரையில் எதிரி இலக்கு ஒன்று செயலிழக்கச் செய்யப்பட்டது."

எதிரே திரையில் படம் வந்தது. பாதி இடிந்த மாடிக் கட்டடம். ஒரு பால்கனியில் பச்சைத் தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. வெயில் தாங்கவில்லை என்று சித்தி புலம்பியதால் போன மாதம் அக்காவே கட்டிவிட்டு வந்தது.

"ஐயோ, அது எங்க சித்தி வீடு!"

அக்காவின் அந்தக் கத்தலும் நேரலையில் போய்விட்டது. பிறகு என்ன செய்தாள் தெரியுமா? மிச்ச அறிக்கையையும் மொழிபெயர்த்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

"வாய் அது பாட்டுக்குப் பேசிட்டே இருந்துச்சுடா. என்னால நிறுத்த முடியல."

3

செய்தித் தொடர்பாளரைக் கொடூரனாக எழுதிப் பார்த்தேன். தடித்த மோதிரம், ஈரமில்லாத கண்— அக்கா விடவில்லை.

"அவர் அப்படி இல்ல. விஷயம் தெரிஞ்சதும் அவரே போன் பண்ணி அழுதாரு."

"அழுதாரா?"

"ஆமா. அழுதுட்டு, நாளைக்கு வேலைக்கு வந்துருவீங்கதானேன்னு கேட்டாரு."

(இங்கே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இதைக் கற்பனையில் எழுத எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.)

4

முடிவு. சித்தி கடைக்குப் போயிருந்ததால் பிழைத்தாள் என்று எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன். "வேற இருந்தா படி" என்றாள். கிழித்துவிட்டேன். அந்தக் கட்டடத்தில் உண்மையிலேயே எதிரி ஒளிந்திருந்தான் என்று— வேண்டாம். சித்திக்குத் தெரிந்த ஒரே எதிரி, தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறக்கும் மேல்வீட்டுக்காரி. அவளும் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். மறுநாள் சித்தியை மாடிப்படிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அக்கா போய் அடையாளம் காட்டினாள். திரும்பி வந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்தால், அன்றைய அறிக்கை: பொதுமக்கள் யாருக்கும் பாதிப்பில்லை.

"அந்த ஒத்த வரி வாயில வரலடா. ஹெட்போனக் கழட்டி வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். இப்ப அந்தச் சீட்ல வேற பொண்ணு. நல்லாத்தான் சொல்றா."

பிறகு கேட்டாள்: "நீ எழுதுறவன்தானே? சித்திக்கு என்ன ஆச்சுன்னு ஒரே வரில சொல்லு. அழகா வேணாம்."

யோசித்துச் சொன்னேன்: "சித்தி கொல்லப்பட்டாள்."

"யாரு கொன்னாங்கன்னு அதுல இல்லையேடா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

5

சித்தியைக் கொன்றது. சித்தியைக் கொன்றார்கள். சித்தியைக் கொன்றோம்.

மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டை நீங்கள் அடித்துவிடுங்கள். எனக்குக் கை வரவில்லை.