ஆறாவது துண்டு

தையல்காரிக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை சும்மா இருக்காது. வகுப்பு டீச்சரின் அறை வாசலில் நின்றபோது கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் மகள். எதற்கெடுத்தாலும் காரணம் சொல்வதால் வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பேர்.

சிந்தனைத் திறன் தேர்வு என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால் முதல் பிரிவு. குறைந்தால் கடைசிப் பிரிவு. அங்கே போனால் மேல்வகுப்பில் அறிவியலை மறந்துவிட வேண்டியதுதான். வக்கீல் எடுத்தது முப்பத்தேழு. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் முட்டை.

டீச்சர் விடைத்தாளைக் கேட்கவே இல்லை. அவர் எடுத்து வைத்தது வீட்டுச் சூழல் படிவம், தையல்காரியே நிரப்பியது. படிக்கத் தனி மேஜை, இல்லை. தனி அறை, இல்லை. பாடம் சொல்லித்தர ஆள், இல்லை.

"இப்படி ஒரு வீட்டுலேர்ந்து வந்து முப்பத்தேழு எடுத்ததே பெரிய விஷயங்க" என்றார், ஆறுதல் சொல்கிற முகத்தோடு.

தையல்காரி வாரை இன்னும் இறுக்கி முறுக்கினாள். உண்மையை எழுதியதற்கு இதுதான் கூலியா? கூசாமல் நாலு பொய் எழுதியிருந்தால் இந்தம்மா விடைத்தாளையாவது வாங்கிப் பார்த்திருப்பாள்.

பையிலிருந்து விடைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். நூறு சென்டிமீட்டர் அகலத்தில் வெள்ளைத் துணி. மேலே பத்து, கீழே இருபது அகலமுள்ள துண்டுகள். உயரம் துணிக்கும் துண்டுக்கும் ஒன்றே. எத்தனை வெட்டலாம்? இதுதான் கேள்வி. வக்கீல் ஆறு என்று எழுதியிருந்தாள். நூற்றை இருபதால் வகுத்தால் ஐந்துதானே என்றார் டீச்சர்.

தையல்காரி ஒரு பழைய செய்தித்தாளைக் கேட்டு வாங்கினாள். பையில் எப்போதும் கிடக்கிற டேப்பும் கத்தரியும் வெளியே வந்தன. எல்லா அளவையும் பாதியாக்கி, ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து வரைந்து வெட்டினாள். ஆறு துண்டு வந்தது. ஓரத்தில் கொஞ்சம் தாள் மிச்சமும் இருந்தது.

"பூப்போட்ட துணின்னா தலைகீழா வைக்க முடியாது. இது வெள்ளை, வைக்கலாம். நான் துணி வெட்டுற மேஜைக்குக் கீழ உக்காந்துதான் இவ படிக்கிறா. பாத்துப் பாத்தே கத்துக்கிட்டா. அதை எழுத உங்க படிவத்துல இடம் இருக்கா?"

டீச்சர் துண்டுகளை இரண்டு முறை எண்ணினார். பிறகு முட்டையை அடித்துவிட்டு ஐந்து போட்டார். நாற்பத்திரண்டு. முதல் பிரிவு. காதுவரை சிவந்துபோய் வக்கீலிடம் திரும்பினார்.

"ரெண்டு நாள் முன்னாடியே பேப்பர் குடுத்தாச்சே. அம்மாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன் டீச்சர். அம்மா மார்க்கைப் பாத்ததும் அறைஞ்சிட்டாங்க. பேப்பரை இன்னைக்குக் காலையிலதான் பிரிச்சாங்க."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் தையல்காரிக்கு அதுவரை டீச்சர்மேல் இருந்த கோபமெல்லாம் நிற்க இடமில்லாமல் தன்மேலேயே திரும்பியது. விடைத்தாளைப் பார்க்காமல் முடிவு கட்டியவள் டீச்சர் ஒருத்தி மட்டுமா?

படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசிக் கேள்வி: குழந்தை காரணம் சொல்ல வந்தால் வீட்டில் காது கொடுத்துக் கேட்பீர்களா? பெரிய எழுத்தில் 'ஆம்' என்று எழுதியிருந்தாள்.

"பேனா குடுங்க டீச்சர். இது ஒண்ணுதான் நான் பொய்யா எழுதினது."

அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினாள். வக்கீல், அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.