விடாப்பிடிக் குடித்தனம்

எனக்கும் டேவிட்சனுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சென்னையில் ஒரு நாள்கூட ஒரே வீட்டில் இருந்ததில்லை. நான் தாம்பரத்தில் லேடீஸ் ஹாஸ்டல்; அவர் எழும்பூர் மேன்ஷன். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் விடியற்காலையில் நான் தாம்பரத்தில் இறங்குவேன். ரயில் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிவிட்டு ஹாஸ்டல் வரைக்கும் அழுதுகொண்டே நடப்பேன். புருஷன் துபாயில் இருந்தாலாவது நாலு பேர் இரக்கப்படுவார்கள்.

வீடு தேடாமல் இல்லை. சில வீட்டுக்காரர்கள் அட்வான்ஸைச் சொல்லியே துரத்தினார்கள். சிலர் எங்கள் பெயரைக் கேட்டதும், "நாங்க சைவம்" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியாகக் குரோம்பேட்டையில் ஒரு சிங்கிள் பெட்ரூம் அமைந்தது. அதன் சொந்தக்காரர் நடராசன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மயிலாடுதுறையில் இருந்தார். ஆளை நேரில் பார்க்காமல் சாவி தரமாட்டாராம்.

"நம்ம பக்கந்தானே! நானும் வர்றேன்" என்று நன்னிலத்திலிருந்து கிளம்பிவிட்டார் என் மாமனார் குழந்தைராஜ். வாழ்நாள் முழுக்க நெல் விவசாயம் செய்தவர். நிலம் குத்தகைக்குப் பிடிக்கப் போவது போலவே வெற்றிலை, பழத்தட்டு, ஒரு பை புது அரிசி எல்லாம் தயார்.

"மாமா, இது வீடு. வயல் இல்ல."

"எதுவா இருந்தா என்னம்மா? அடுத்தவங்க சொத்து. வெறுங்கையோடயா போறது?"

அரிசி வேலை செய்தது. நடராசன் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "எவ்வளவு நாள் இருக்கிறதா உத்தேசம்?" என்று கேட்டார். பதினொரு மாத அக்ரிமெண்ட் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"அந்தக் கவலையே உங்களுக்கு வேணாங்க. எங்க குடும்பம் ஒண்ணைப் புடிச்சா விடாது. மடத்து நிலம், எங்க தாத்தா குத்தகைக்குப் புடிச்சது, இன்னைக்கும் எங்க கையிலதான் இருக்கு. இந்த வீட்டுலயும் பேரன் காலம் வரைக்கும் இருப்பாங்க!"

நடராசனின் கையிலிருந்த அரிசி மெதுவாகப் பைக்குள் திரும்பிப் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் மாமாவின் வாயால் கெட்டோம்.

"தப்பா நினைக்காதீங்க. குத்தாலத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு. செல்லதுரைன்னு ஒருத்தர் குத்தகை. எங்கப்பா காலத்துல வந்தவங்க. விக்கவும் முடியல, திருப்பி எடுக்கவும் முடியல. வீடும் அப்படி ஆயிட்டா நான் என்ன பண்றது? யோசிச்சுச் சொல்றேங்க."

'யோசிச்சுச் சொல்றேன்' என்றவர்கள் யாரும் திரும்பச் சொன்னதில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, பேரன் பொறக்கணும்னா மொதல்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும்!"

டேவிட்சன் தலையைக் குனிந்துகொண்டார். மாமா ஃபேனை அண்ணாந்து பார்த்தார். சிரிப்புச் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. காபியோடு வந்த நடராசனின் மனைவி ராஜாத்தியம்மாள் சிரிப்பை அடக்கவே பார்க்கவில்லை.

"ஏங்க, செல்லதுரை என்னைக்காவது குத்தகை நெல் அளக்காம இருந்திருக்காரா? மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப ஆளுங்களோட ஓடி வந்தது யாரு?"

ராஜாத்தியம்மாள் அதோடு விடவில்லை.

"சென்னை வீட்டுல முன்னாடி குடியிருந்தானே, அவன் சொல்லாம கொள்ளாம காலி பண்ணிட்டுப் போனான். ஃபேனையும்ல கழட்டிக்கிட்டுப் போயிட்டான்? விடாதவரால நமக்கு என்ன கெட்டுச்சு? விட்டுட்டுப் போனவன்தானே கெடுத்தான்?"

நடராசன் என்னைப் பார்த்தார், அரிசிப் பையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று பழத்தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பதினொரு மாச அக்ரிமெண்ட்தான். அதுல மாத்தமில்ல."

மாமா மறுபடியும் வாயைத் திறந்தார். "அப்பா, காபி ஆறுது" என்று டேவிட்சன் டம்ளரை அவர் கையில் திணித்தார்.

அன்றிரவே சாவியோடு ரயிலேறினோம். தாம்பரம் வந்ததும் அரைத்தூக்கத்தில் இறங்கி, பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினேன். சீட் காலியாக இருந்தது.

"யாருக்கு டாட்டா காட்டுற?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டார், இரண்டு பேர் பையையும் தூக்கிக்கொண்டு நின்ற என் புருஷன்.