மாமனாருக்காகப் பெய்யாத மழை

என் மாமனார் செத்த வீட்டில் முதல் சண்டை சொத்துக்காக வரவில்லை, மழைக்காக வந்தது.

என் மனைவி கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள். பழைய நாவல்களைக் கரைத்துக் குடித்தவள். அவள் கண்ணில் ஒரு மேகம் பட்டுவிட்டால் போதும். அது யாருடைய துக்கத்தையாவது சுமக்காமல் நகர முடியாது. கதாநாயகி அழுதால் மழை, காதலன் கைவிட்டால் புயல். கல்யாணமான புதிதில் எனக்கு ஜலதோஷம் பிடித்தபோதுகூட அதில் ஏதோ உள்ளர்த்தம் இருப்பதாகச் சொன்னாள். மாத்திரை மட்டும் தரவில்லை.

அவள் தம்பி சபைப் போதகர். இதெல்லாம் அவருக்கு அறவே ஆகாது. "வானமும் மழையும் ஆண்டவர் படைச்சது, அக்கா. மனுஷன் வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பார்த்து நல்லாயிருக்குன்னுட்டார். உன் கதாநாயகி மூக்கு சிந்தறதுக்காக ஒண்ணும் படைக்கல" என்பார். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வேதத்தில் வரும் ஒரே ஒரு அத்திமரத்துக்கு முக்கால் மணி நேரம் அர்த்தம் சொல்வார். அது வேறு கணக்காம்.

இந்த இரண்டு அறிவாளிகளையும் பெற்றவர் சலவைக்கடைக்காரர். கீழே கடை, மேலே வீடு. அந்த வீட்டுக் கூடத்தில்தான் பெட்டியை வைத்திருந்தோம். அங்கே ஜெபம் முடித்துவிட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. முதலில் மகள் இரண்டு வார்த்தை பேசுவாள், பிறகு மகன் ஜெபிப்பார்.

அவள் எழுந்து தொண்டையைச் செருமினாள். சொல்லிவைத்தாற்போல் ஜன்னலில் சடசடவென்று மழை. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்பா செத்த வீட்டில் மலரக்கூடாது என்று நினைவு வந்து உடனே வாடியது.

"பாருங்க, அப்பாவுக்காக வானமே அழுவுது" என்றாள்.

நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். மச்சினன் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, மழை நல்லவனுக்கும் பெய்யுது, கெட்டவனுக்கும் பெய்யுது. எதிர்வீட்டுல இன்னைக்குப் பிறந்தநாள். அங்கேயும் இதே மழைதான். அவங்களுக்கும் அழுவுதா?"

"உனக்குக் கவிமனசே கிடையாதுடா."

"உனக்குப் பணிவு கிடையாது. படைப்பு மொத்தமும் நம்ம வீட்டு இழவுக்கு ஒப்பாரி வைக்கணும்னு நினைக்கிறியே."

பெட்டிக்கு அந்தப் பக்கம் இலக்கியம், இந்தப் பக்கம் வேதம். நடுவில் மாமனார், வாழ்நாளில் முதல்முறையாக, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த என் மாமியார் சடாரென்று நிமிர்ந்தார்.

"ஐயோ, துணி!"

யார் தடுத்தும் நிற்கவில்லை, மாடிப்படியில் ஓடினார். நாங்கள் மூவரும் பின்னால் ஓடினோம். மொட்டைமாடியில் கொடி கொடியாக, ஒரு விடுதியிலிருந்து சலவைக்கு வந்த படுக்கை விரிப்புகள். மாமனார் உயிரோடு இருந்தபோது தோய்த்த கடைசித் துணிகள். யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

"மாப்பிள்ளை, அந்தக் கோடியிலருந்து உருவுங்க!"

உருவினேன். போதகர் வெள்ளை அங்கியோடு, வாயில் நான்கு கிளிப்பைக் கவ்விக்கொண்டு கொடிகளுக்குள் நுழைந்தார். பேராசிரியை நனைந்த விரிப்பை அணைத்துக்கொண்டு தடுமாறினாள். உள்ளர்த்தம் இருக்கட்டும், கனம் தாங்கவில்லை.

மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். "வானம் அழுவுதுன்னியேடி. உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் இங்க நின்னு அதை என்ன கேட்டிருப்பாரு?"

மழை வந்தாலே மாமனார் மாடிக்கு வந்து, இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து வானத்தின் பிறப்பைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்பார். தெருவுக்கே தெரியும்.

மச்சினன் வாயிலிருந்த கிளிப்புகளை எடுத்தார். அண்ணாந்து பார்த்தார். அப்படியே அப்பா குரலில் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார். சபையார் கீழே இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

என் மனைவி சிரித்துவிட்டாள். விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா போனதிலிருந்து அவள் அழவே இல்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி வசனம் எதுவும் சொல்லவில்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரும் விம்மினார்.

"அழுங்க, நல்லா அழுங்க" என்றார் மாமியார். "தரையில மட்டும் விட்டுடாதீங்க. இன்னொரு தடவை தோய்க்க என்னால ஆகாது." சொல்லிவிட்டுத் தானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கீழே வந்து, சொட்டச் சொட்ட நின்றபடியே மச்சினன் சின்னதாக ஒரு ஜெபம் செய்து முடித்தார். மழையைப் பற்றி இருவருமே மூச்சுவிடவில்லை.

கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு. என் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வழுக்கும் இடங்களில் தம்பி அவள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.