கைதட்ட ஒரே ஒருத்தி

மாலிவானுக்குக் காலையிலிருந்தே எரிச்சல். நுவானின் கால் இறுதி டென்னிஸ் ஆட்டம் பத்து மணிக்கு, ஒன்றாம் ஆடுகளத்தில் என்று போட்டிருந்தார்கள். மழை வந்தது, மத்தியானத்துக்குத் தள்ளினார்கள். அப்புறம் கடைசி நேரத்தில் ஐந்தாம் ஆடுகளத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்றில் கூரையும் நாற்காலியும் உண்டு. ஐந்து என்பது வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிய கடைக்கோடி. உட்கார நாலு சிமென்ட் படிதான். மழை விட்டு அடித்த வெயிலில் அந்தப் படி தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

தாய்லாந்தின் சுபன்புரியில் நடக்கிற இந்த மாதிரிச் சின்னப் பந்தயங்களுக்கு யார் வருவார்கள்? ஆடுகிறவர்களின் பயிற்சியாளர், தோற்றுப் போய் ஊருக்குப் பஸ் கிடைக்காதவர்கள், அப்புறம் மாலிவான். பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் வேலை. நுவான் எங்கே ஆடினாலும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவாள். உறவும் இல்லை, ஊரும் இல்லை. அந்தப் பெண் பின்னங்கையால் எல்லைக் கோட்டை ஒட்டி ஒரு அடி அடிப்பாள், அதற்காகத்தான். வந்த இடத்தில் நுவானின் அம்மா பிக்குல் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இருவரும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள்.

நுவான் இதுவரை ஒரு அரையிறுதியைத் தொட்டதில்லை. இந்த முறையும் தொடாவிட்டால் மட்டையை வைத்துவிட்டு அத்தையின் மருந்துக்கடையில் உட்கார்ந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அப்படிப்பட்ட நாளில் பிக்குல் இங்கே இல்லை. விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆகி, பாங்காக் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். தலையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பு. மற்றொரு கண்ணும் அரைகுறை, போனைப் பார்க்க முடியாது.

"மாலி, நீதான் எனக்குக் கண்ணு. ஒவ்வொரு பாயின்ட்டா சொல்லணும். 'நல்லா ஆடுறா'ன்னு மழுப்பக் கூடாது, ஆமா" என்று முந்தின நாளே வாக்கு வாங்கியிருந்தாள்.

அதனால் காதில் இயர்போனை மாட்டி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மாலிவான் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள்.

"முப்பது–பதினஞ்சு. சர்வ் நம்மளோடது. ஐயோ, வலையில போட்டா. முப்பது–முப்பது."

"ஏன் போட்டா?"

"அதை அவகிட்டதான்க்கா கேக்கணும்."

எதிராளி சொயோன் என்ற கொரியாப் பெண். பயிற்சியாளரும் இரண்டு தோழிகளும் கூடவே வந்திருந்தார்கள். அவள் ஒரு புள்ளி எடுத்தால் போதும், மூன்று பேரும் எழுந்து "ஃபைட்டிங்!" என்று கத்தினார்கள். மேளம் கொட்டாததுதான் குறை. நுவான் புள்ளி எடுத்தால் கைதட்ட மாலிவான் ஒருத்திதான். போனைத் தொடையில் வைத்துவிட்டுத் தட்டுவாள், மறுபடி எடுத்துக் கிசுகிசுப்பாள். நடுவர் வேறு வாய்க்குள்ளேயே பேசுகிற ஆள். அவர் சொல்கிற ஸ்கோர் மாலிவானுக்கே கேட்கவில்லை.

அதே படியில் தொப்பி போட்ட ஒரு பையன் இருந்தான். நல்ல மரியாதை. மாலிவானுக்கு ஐஸ் தண்ணீர் பாட்டில் ஒன்று நீட்டினான். "யாரு அத்தை, உங்க பொண்ணா?" என்று கேட்டான். பேச்செல்லாம் சரி, வலது கையை மட்டும் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

முதல் செட் நுவானுக்கு, இரண்டாவது சொயோனுக்கு. மூன்றாவதில் நுவான் ஐந்துக்கு மூன்று என்று முன்னே போனாள். இன்னும் ஒரு கேம் எடுத்தால் அரையிறுதி.

அந்த நேரம் பார்த்துத் தோளில் ஒரு கை விழுந்தது. கழுத்தில் அட்டை தொங்க, பந்தய மேற்பார்வையாளர் நின்றிருந்தாள். சின்ன வயசு, சிரிப்பே இல்லாத முகம்.

"மேடம், கொஞ்சம் வெளிய வாங்க."

"இப்பவா? ஐஞ்சு–மூணும்மா!"

"தெரியும். அதைத்தான் நீங்க போன்ல சொல்லிக்கிட்டு இருக்கீங்க. ரொம்ப நேரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"பொண்ணோட அம்மாகிட்ட சொல்றேன். அவங்க ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்திருக்காங்க."

மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டாள். "போன மாசம் ஒருத்தர், செவிடான தாத்தாவுக்குச் சொல்றேன்னாரு. மேடம், நடுவர் தன் கையில இருக்கிற கருவியில ஸ்கோரை அழுத்தி அனுப்புறதுக்குள்ள அது வெளிய போனா, பந்தயம் கட்டுறவனுக்குக் கொள்ளை லாபம். ஆட்டத் தகவலை வெளிய அனுப்பக் கூடாதுன்னு வாசல்ல பெரிசா எழுதிப் போட்டிருக்கே, படிக்கலையா?"

மாலிவான் படித்திருந்தாள். எல்லாப் பந்தயத்திலும் அந்தப் பலகையைப் படித்திருக்கிறாள். வீடியோ எடுக்கிறவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தாள். சூதாடுகிறவன் என்றால் தங்கச் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியுமாக வருவான், பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவளை யார் சந்தேகப்படுவார்கள்?

"வேணும்னா அவங்ககிட்டயே பேசுங்க" என்று போனை நீட்டினாள்.

"யார் பேசினாலும் விதி விதிதான். அம்மாவா இருந்தாலும் சொல்லக் கூடாது."

மாலிவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொப்பிக்காரனைச் சுட்டிக் காட்டினாள். "அப்போ அவன் யாரு? வந்ததுலேர்ந்து ஒரு கை பைக்குள்ளயே இருக்கு. உள்ள என்ன கோழிக்குஞ்சா வளக்குறான்?"

மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தாள். பையன் குனிந்து வணக்கம் வைத்தான், இடது கையை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோய். மேற்பார்வையாளர், "பையில கை வைக்கிறது தப்பில்லையே மேடம்" என்று சொல்லிவிட்டு மாலிவானை வெளிக் கதவு வரை கூட்டிக்கொண்டு வந்தாள். காவல்காரரிடம், "இவங்க இந்தப் பந்தயம் முடியற வரைக்கும் உள்ள வரக்கூடாது" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. இத்தனை வருஷம் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து இந்தப் பெண் தோற்றதையெல்லாம் பார்த்தாயிற்று. ஜெயிக்கப் போகிற நேரத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே விட்டுவிட்டார்கள். அழுகை வந்தது, ஆத்திரம் அதைவிட வேகமாக வந்தது.

வண்டிகளுக்கு நடுவே ஓடி, ஐந்தாம் ஆடுகளத்தின் வேலிக்குப் பின்னால் வந்து நின்றாள். வேலி முழுக்கப் பச்சைத் துணி கட்டியிருந்தது. ஒரு ஓட்டை கூட இல்லை.

"மாலி! மாலி! ஏன் பேச மாட்டேங்குற? தோத்துட்டாளா?" போனில் பிக்குல் தவித்தாள்.

"இல்லக்கா. சும்மா இரு. கேக்க விடு."

இரண்டு ஸ்கூட்டர்களுக்கு இடையில் துணியில் காதை வைத்தாள். மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. நின்றது. "ஃபைட்டிங்!" என்று மூவர் குரல். மறுபடி சத்தம், நிற்பது, "ஃபைட்டிங்!" அப்படியே அந்த கேம் போயிற்று.

"ஐஞ்சு–நாலு" என்றாள் மாலிவான். "இப்ப நம்ம சர்வ்."

பந்து போனது, வந்தது. கத்தல். "பூஜ்ஜியம்–பதினஞ்சு."

பந்து நின்றது. சத்தமே இல்லை. மாலிவான் காதைத் துணியில் இன்னும் அழுத்தினாள். நடுவர் என்னவோ முணுமுணுத்தார், பிடிபடவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நுவானுக்குக் கைதட்டுகிற ஆள் வெளியே நிற்கிறாள்.

"பதினஞ்சு–பதினஞ்சு."

"சரியாத் தெரியுமா?"

"தெரியும். யாரும் கத்தல."

மறுபடி அமைதி. முப்பது–பதினைந்து. கத்தல். முப்பது–முப்பது. அமைதி. நாற்பது–முப்பது. காவல்காரர் வந்து, "அத்தை, இங்கயும் நிக்கக் கூடாது" என்றார். மாலிவான் அவரை முறைத்த முறைப்பில் அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

அடுத்தது நீண்டுகொண்டே போனது. இந்தப் பக்கம் டொக், அந்தப் பக்கம் டொக். அப்புறம் கோட்டை ஒட்டி விழும் அந்தப் பின்னங்கை அடியின் சத்தம். அதை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். பந்து நின்றது.

யாரும் கத்தவில்லை. அடுத்த சர்வ் சத்தமும் வரவில்லை.

"அக்கா" என்றாள் மாலிவான். "ஜெயிச்சுட்டா. நம்ம பொண்ணு ஜெயிச்சுட்டா."

பிக்குல் உடனே கேட்டாள்: "அவ மூஞ்சி எப்படி இருக்கு மாலி? சிரிக்கிறாளா?"

வாயில் பொய் தயாராக இருந்தது. சொல்ல மனசு வரவில்லை.

"வெளிய தள்ளிட்டாங்கக்கா. பச்சைத் துணிதான் தெரியுது."

"எனக்கு இங்க தரைதான் தெரியுது" என்றாள் பிக்குல். "ஆனா அங்க யாருமே தட்டலையே மாலி. பாவம், திரும்பித் திரும்பிப் பாத்திருப்பா."

மாலிவான் போனை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தாள். துணிக்கு நேராக நின்று, உள்ளங்கை எரிய எரியக் கைதட்டினாள். காவல்காரர் தடுக்கவில்லை.

உள்ளே ஒரு மட்டை வேலிக் கம்பியை மெதுவாகத் தட்டியது.