வலது மடிப்பு

இதில் ஒரு இடம் மட்டும் எனக்கு உறுதியில்லை. அந்தப் படத்தை அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்தேனா, பார்த்தும் விட்டுவிட்டேனா என்பது. பார்க்கவில்லை என்றுதான் ஆறு வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஒன்றையே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தால் அது நினைவைப் போலவே உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. அதனால் அந்த ஒரு இடத்தில் என் பேச்சை முழுதாக நம்ப வேண்டாம்.

நான் லைட் நாவல்களுக்கு, அதாவது படங்களோடு வரும் இளையோர் கதைப் புத்தகங்களுக்கு, படம் வரைகிறவள். பெயர் மினெகிஷி சிசுரு. தோகுனாகா எழுதிய ‘சலவைக்கூடத்துச் சாட்சிகள்’ வரிசைக்கு முதல் தொகுதியிலிருந்து நான்தான் ஓவியர். காசு போட்டுத் துணி துவைக்கும் கூடம் ஒன்றில் உட்கார்ந்து, பிறர் மறந்துவிட்டுப் போன துணிகளை வைத்தே அவர்கள் மறைத்ததைக் கண்டுபிடிக்கும் பள்ளி மாணவன் இசாகு. பக்கத்து நாற்காலியில் எப்போதும் புத்தகத்தோடு இருக்கும் பெண் கோயுமி. கொலை கிடையாது. ஒற்றைக் காலுறை தொலைந்ததன் காரணத்தைத் தேடி நாற்பது பக்கம் போகும். எட்டுத் தொகுதிகள் வந்துவிட்டன. ஒன்பதாவதோடு முடியும் என்று அறிவித்திருந்தார்கள். அந்த ஒன்பதாவது இரண்டு வருடமாக வரவில்லை.

முதல் தொகுதியின் முகப்பில் ஒரு வண்ணப்படம். கோடைத் திருவிழா, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று மடித்துக் கட்டும் யுகாதா அங்கி உடுத்திய கோயுமி, கையில் தங்கமீன் நீந்தும் பை. கணினியில் வரைகிறவர்கள் அடிக்கடி படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்போம். முகத்தில் கோணல் இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். பார்த்ததும் பழையபடி திருப்பிவிட வேண்டும். அன்று நான் திருப்பவில்லை. அப்படியே அனுப்பினேன். பின்னணியில் தொங்கும் காகித விளக்குகளில் எழுத்து இருந்திருந்தால், அது இடவலம் மாறித் தெரிந்து, யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அவசரத்தில் எழுதாமல் விட்டிருந்தேன்.

புத்தகம் அச்சாகிக் கைக்கு வந்த அன்று, மின்ரயிலில் நின்றுகொண்டே பிரித்தேன். கோயுமியின் உடையில் வலது மடிப்பு மேலே இருந்தது. உயிரோடு இருப்பவர்கள் யாரும் அப்படி உடுத்துவதில்லை. பிணத்துக்குத்தான் வலது மடிப்பை மேலே போட்டுக் கட்டுவார்கள். நான் இறங்க வேண்டிய நிலையம் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது.

மறுநாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் வாசகர்கள் பார்த்துவிட்டார்கள். எல்லார் சட்டையையும் படிக்கிற இசாகு, கோயுமியின் மடிப்பைப் பற்றி மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அவனுக்குத் தெரியும், அவள் இறந்தவள், அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறவள். இந்த ஊகம் இணையத்தில் பரவி, புத்தகம் மறுபதிப்புக்குப் போனது. எதிர்பாராத இடத்தில் துப்பை ஒளித்த ஓவியர் என்று என்னைப் புகழ்ந்தார்கள். பிறகு இரண்டாம் தொகுதியைப் படித்தேன். அதில் இசாகுவைத் தவிர யாருமே கோயுமியோடு பேசவில்லை. மூன்றாவதிலும் இல்லை. தோகுனாகா முதலிலிருந்தே அவளை இறந்தவளாக வைத்திருந்தாரா, என் பிழையைப் பார்த்து வழி மாறினாரா என்று தெரியவில்லை. கேட்டால் என் குட்டு வெளிப்படும். ஆறு வருடம் கேட்கவில்லை.

பிறகு கதையை அனிமே என்ற அசைபடத் தொடராக எடுக்கத் தொடங்கினார்கள். தோக்கியோவில் ஓகிகுபோ பகுதியில் இருந்த தயாரிப்புக் கூடத்தில் வாரம் ஒரு முறை திரைக்கதை வாசிப்புக் கூட்டம். தோகுனாகாவும், தொகுப்பாசிரியை உருஷிபாராவும், உடை விவரங்களுக்காக நானும் போவோம். பிப்ரவரியில் நான்காம் பாகம் எடுத்துக்கொள்ளப்பட்டது. திருவிழா வரும் பாகம். இயக்குநர் ஹசுமி என் படத்தின் பெரிய நகல் ஒன்றை மேசை நடுவில் வைத்துவிட்டுத் தோகுனாகாவிடம் திரும்பினார்; எழுத்தாளர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லால்தான் அவரை எல்லாரும் அழைப்போம்.

“சென்செய், இதை இனிமே தள்ளிப்போட முடியாது. புத்தகத்துல ஒரு படத்தோட தப்பிச்சீங்க. எனக்கு அவ நடக்கணும், ஓடணும், தண்ணி குடிக்கணும். செத்தவளா இல்லையா? செத்தவள்னா நான் அவளுக்கு நிழலே போடமாட்டேன். முதல் பாகத்துலேர்ந்து அப்படித்தான் வரையணும்.”

எல்லாரும் தோகுனாகாவைப் பார்த்தோம். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு, அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றார். ஹசுமி தலையாட்டிவிட்டு, அடுத்த கூட்டத்திலும் இதையே சொன்னால் கோயுமிக்குப் பாதி நிழல் போட்டுவிடுவதாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே மூவரும் பேசாமல் நிலையத்தை நோக்கி நடந்தோம். உருஷிபாரா நின்றார்.

“மூணு பேரும் சாவு வீட்லேர்ந்து திரும்பற மாதிரி இருக்கோம். வாங்க, சூடா ஏதாவது உள்ள போகட்டும்.”

நிலையத்தை ஒட்டி, நின்றபடியே சாப்பிடும் சோபா நூடுல்ஸ் கடை ஒன்று இருந்தது. மதிய நெரிசல் முடிந்திருந்தது. ஆவி பறக்கும் மூன்று கிண்ணங்கள் வந்தன. தோகுனாகா குச்சிகளைப் பிரித்து அப்படியே வைத்துவிட்டார்.

உருஷிபாரா சுற்றி வளைக்கவில்லை. கோயுமியைக் கொல்ல மனசு வரவில்லை, அதுதானே என்று கேட்டார்.

“பன்னெண்டு தடவ எழுதிட்டேன்,” என்றார் தோகுனாகா. “அவ செத்துப்போனவள்னு இசாகு சொல்ற பக்கம் வந்ததும் எழுந்து துணி துவைக்கப் போயிடறேன். ரெண்டு வருஷமா எங்க வீட்ல அழுக்குத் துணியே இல்ல. திரைச்சீலையை மூணு தடவ துவைச்சாச்சு.”

“அப்ப அவளைச் சாகடிக்காதீங்களேன்.”

“எப்படி முடியும்? முதல் தொகுதியிலயே படம் சொல்லிடுச்சே. வாசகருக்குத் துப்பு கொடுத்தாச்சு. இப்போ அது துப்பே இல்லன்னா, நான் எழுதினது மர்மக் கதையா, மோசடியா?” என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். “மினெகிஷி-சான் மேல குறை சொல்லல. நீங்க அழகா வரைஞ்சீங்க. அந்த அழகுக்குத் தகுந்த முடிவு எனக்கு வரல.”

அவர் அதைச் சொன்ன விதம்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பிழைக்காக ஒரு மனிதர் இரண்டு வருடம் திரைச்சீலை துவைத்திருக்கிறார். என் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

“அது துப்பு இல்ல, சென்செய். படத்தைத் திருப்பிப் பாத்துட்டு, பழையபடி வைக்க மறந்துட்டேன். அவ்ளோதான்.”

இனி எனக்கு இந்த வரிசையில் வேலையில்லை, வேறு எந்த வரிசையிலும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

“உருஷிபாரா-சான் சொல்லித்தானே அப்படி வரைஞ்சீங்க?” என்றார் தோகுனாகா மெல்ல.

“நானா?” உருஷிபாரா குச்சிகளைக் கீழே வைத்தார். “நீங்க ரகசியமா சொல்லித்தான் வரைஞ்சாங்கன்னு நான் நெனச்சேன். அச்சுப்படியிலயே பாத்தேன். கேட்டா முடிவு எனக்கே முன்னாடி தெரிஞ்சுபோகும், படிக்கிற ருசி கெட்டுடும்னு வாயை மூடிக்கிட்டேன்.”

“படம் அப்படி வந்ததும், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். அதுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்னுதான் ரெண்டாம் தொகுதியிலேர்ந்து யாரும் அவகூட பேசாம எழுதினேன்.” தோகுனாகா என் பக்கம் திரும்பினார். “அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கலையா?”

“தெரியல, சென்செய். பாத்தேனா இல்லையான்னு எனக்கே தெரியல.”

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி, ஆவி படிந்ததைச் சட்டை நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“அப்போ அவ உயிரோடதான் இருக்காளா?” என்றார்.

ஆமென்று தலையசைத்தேன். அவர் கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் காலிசெய்தார். பிறகு இன்னொரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னார். அந்த இரண்டாவது கிண்ணம் வரும்போது என் தோள்கள் இறங்கியிருந்ததைக் கவனித்தேன். அவை ஆறு வருடமாக ஏறியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் படம் படம்தானே. அதற்கு ஒரு காரணம் வேண்டும். பிழை என்று அறிவித்துவிடலாம், என் பெயரையே போடுங்கள் என்றேன். தோகுனாகா வேண்டாம் என்றார். அப்போது உருஷிபாரா, சோபாவை ஊதிக்கொண்டே, தன் பதினெட்டாவது வயதில் நடந்ததைச் சொன்னார். ஊரை விட்டு தோக்கியோவுக்கு வந்த முதல் கோடை. அதுவரை யுகாதாவை அம்மாதான் கட்டிவிடுவார். அந்த வருடம் கண்ணாடியைப் பார்த்துத் தானே கட்டினார். கண்ணாடியில் சரியாக இருந்தது. ரயில் நிலையத்துக் கழிப்பறையில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, ஒரு வார்த்தை பேசாமல் கச்சையை அவிழ்த்து, இடது மடிப்பை மேலே போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

“ரயில் வர்ற வரைக்கும் உள்ளேயே நின்னு அழுதேன். வெக்கத்துல இல்ல. வீட்ல பாத்துச் சொல்ல ஆளில்லன்னு அப்பதான் உறைச்சுது.”

தோகுனாகா கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ஏழு தொகுதியா யாரும் அவகூட பேசல,” என்றார் கடைசியில். “அதுக்குச் செத்துதான் போயிருக்கணுமா? வீட்ல ஒருத்தரும் இல்லாத பொண்ணு. இசாகு மொத நாளே மடிப்பைப் பாத்துட்டான். பாத்ததாலதான் சொல்லல. சொன்னா அவளுக்கு ஆளில்லன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.”

“அப்போ கடைசித் தொகுதியில?” என்றேன்.

“யாராவது சரிபண்ணி விடுவாங்க. சலவைக்கூடத்துக்காரம்மா. எட்டுத் தொகுதியா அங்க இருக்காங்க, பாவம், ஒரு வேலையும் குடுக்கல நான்.”

உருஷிபாரா அங்கேயே ஹசுமிக்குத் தொலைபேசி செய்தார். நிழல் போடுங்கள் என்றார். மறுமுனையில் என்ன கேட்டாரோ, “ஆமா, முழுசா,” என்றார்.

நான் என் சோபாவைத் தொட்டபோது அது ஊறிக் கொழகொழத்துப் போயிருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் தொகுதி அந்த இலையுதிர்காலத்தில் வந்தது. அனிமே மறுவருடம் பன்னிரண்டு பாகங்களாக ஒளிபரப்பானது, சுமாராகப் போனது. நான்காம் பாகத்தில் கோயுமி வலது மடிப்பு மேலே தெரியத்தான் நடக்கிறாள். அவள் நிழலை ஹசுமி தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீட்டியிருந்தார். அவர் இப்போது ரோபோப் படம் ஒன்று எடுக்கிறார். கோயுமி இறந்தவள்தான் என்று நிரூபித்து ஒரு வாசகர் பதினொரு பக்கக் கடிதம் எழுதினார். தோகுனாகா அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அவர் வீட்டில் இப்போது வேண்டிய அளவு அழுக்குத் துணி இருக்கிறது. உருஷிபாரா சமையல் புத்தகப் பிரிவுக்கு மாறிவிட்டார். மறுபதிப்பில் படத்தைத் திருத்தலாமா என்று பதிப்பகம் கேட்டபோது மூவரும் தனித்தனியே வேண்டாம் என்று எழுதினோம். நான் வேறு வரிசை ஒன்றுக்கு வரைகிறேன். அனுப்புமுன் மூன்று தடவை பார்க்கிறேன். கோயுமிக்கு வயது பதினெட்டு. சலவைக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.