இருபதாவது பிள்ளை

உப்பளத்தெரு அங்கன்வாடியில் இருபது பிள்ளைகள். இருபதாவது பிள்ளை அங்கன்வாடிக் கட்டடம்.

வேறு வழியில்லை. இருபது தலைக்குக் குறைந்தால் மையத்தை இழுத்து மூடிவிடுவார்கள். தெருவெல்லாம் சலித்தும் கிடைத்தது பத்தொன்பதுதான். மூடிவிட்டால் தாய்மார் வேலை முடியும்வரை பிள்ளைகள் உப்புப் பாத்தி வரப்பில் வெயிலில் உட்கார வேண்டியதுதான். டீச்சர் ஜெபக்கனி திறப்புவிழாக் கல்வெட்டைப் பார்த்தார். கட்டடத்துக்கு மூன்று வயது நிறைந்திருந்தது. பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்.

சேர்த்தால் மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். தராசு தொங்குவதோ கட்டடத்தின் உத்தரத்தில். தன்னைத்தானே எப்படித் தூக்கும்? வெளியே உடைமரத்தில் தராசைக் கட்டி நிறுத்தார்கள். பதினோரு கிலோ. வயதுக்குக் குறைவு. சிமெண்டை மிச்சம்பிடித்துப் பெற்ற பிள்ளை வேறெப்படி இருக்கும்? அன்று முதல் டீச்சர் வாரத்துக்கு மூன்று முட்டையும் தினம் இரண்டு சத்துமாவு உருண்டையும் வாசற்படியில் வைத்தார். அடம்பிடிக்காமல் தின்றது. ஆறு மாதத்தில் சுவர் தேறியது; மறு வருஷம் சமையலறை ஒன்று முளைத்தது. கழிப்பறை மட்டும் முளைக்கவில்லை. பிள்ளைகள் முள்ளுக்காட்டுக்குத்தான் போய்வந்தார்கள்.

ஐந்து வயது முடிந்தது. ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பியாக வேண்டும். மற்ற பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருந்தும் பத்தொன்பதைத் தாண்டவில்லை. இது போனால் எண்ணிக்கையும் போயிற்று, கூரையும் போயிற்று. ஜூன் மாதத்தில் ஒரு காலை, டீச்சர் அதற்குப் பவுடர் பூசி, ஜன்னல் கம்பியைப் பிடித்து அழைத்துப் போனார். பத்தொன்பது பேரும் பின்னால் வந்தார்கள். வழியெல்லாம் டீச்சருக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

ஹெட்மாஸ்டர் பழைய ஆள். சான்றிதழை எல்லாம் நம்பமாட்டார்.

"வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடு, பாப்போம்" என்றார்.

கட்டடம் வலப்பக்க சன்ஷேடைக் கூரைக்கு மேலே வளைத்தது. இடப்பக்க ஜன்னலுக்கு ஒரு சாண் இருக்கையில் நிறுத்திக்கொண்டது. நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பிள்ளைகளின் அதே கள்ளத்தனம். டீச்சர் எத்தனை பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்.

"கை எட்டல. இன்னும் ஒரு வருஷம் உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்."

"சரி சார்."

பாதி வழியில் டீச்சர் தலைகளை எண்ணினார். இருபத்தொன்று. பள்ளிக்கூடத்தின் புதுக் கழிப்பறை கட்டடத்தின் கையைப் பிடித்தபடி கடைசியில் வந்துகொண்டிருந்தது. திறந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். சேர்க்கிற வயதுதான். டீச்சர் முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டார்.