கூடைக்கு ஒரு மீன்

1

இந்தக் கதையைக் காசிமேட்டுக் கரையில் பல தடவை சொல்லியிருக்கிறேன், கண்ணுகளா. ஒவ்வொரு தடவையும் பொய்தான் சொன்னேன். இது 1958. புளியந்தோப்புப் பூவம்மா காலேஜுக்குப் பணம் கேட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

அலைகள் பொன்னாய் மின்னிய ஒரு காலையில்—

[வேண்டாம். அழகாக எழுதுவதும் ஒளிந்துகொள்வதுதான்.]

மீன்காரிகள் நாங்கள் கூடைக்கு ஒரு மீன் அம்மனுக்கென்று எடுத்து வைப்போம். அதை ஏலம் விட்ட காசு கோயிலுக்குப் போகும். ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தலைவி மங்கம்மா கேட்டாள்: "அம்மனுக்கு இன்னாத்துக்கு மே இத்தினி காசு? காலேஜ் பசங்க வட்டிக்கு வாங்கிப் படிக்குதுங்கோ. அதுங்களுக்குக் குடுப்போம். நாம மீன் விக்கிற தெருவுல எந்த வூட்டுப் புள்ளையானாலும் சரி. வூட்டுக்கு ஒருத்தரு."

ஏலம் விடுவதும் பணத்தைக் கையில் கொடுப்பதும் என் வேலை.

3

முதல் வருஷமே சுயம்பு வந்தான். அப்பா ஆடு வெட்டும் ஆட்டுத்தொட்டியில் தோல் உரிக்கிறவர். பணம் வாங்கும் பிள்ளை அம்மன் கூடையைத் தொட்டுக் கும்பிடுவது வழக்கம். அவனும் குனிந்தான்.

"அங்கியே நில்லு நைனா. கூடையத் தொடாத."

"எல்லாரும் தொட்டாங்களே, ஆயா?"

"அவங்க வேற."

நாற்பது ரூபாயை மணலில் வைத்தேன். [வைக்கவில்லை. போட்டேன்.]

"எங்கம்மா குடுக்கிற மீன் காச மட்டும் கையில வாங்கிக்கிறியே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். பணம் மணலிலேயே கிடந்தது.

"இன்னா, குட்த்தியா?" என்றாள் மங்கம்மா.

"வாங்கிக்கினு போய்ட்டான்."

அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டேன். புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

4

சுயம்பு வட்டிக்கு வாங்கிப் படித்தார். பட்டம் வாங்கி, துறைமுக ஆபீசில் வேலைக்கும் போய் ஐந்து வருஷமாகிறது; இன்னும் பாதிச் சம்பளம் வட்டிக்காரருக்குப் போகிறது.*

பூவம்மா அவருடைய தங்கை. போன வாரம் மங்கம்மா சொன்னாள்: "அந்த வூட்டுக்குத்தான் ஏற்கெனவே குட்த்தாச்சே மே. இவளும் கேட்டா எப்டி? வட்டிக்கு வாங்கிக்கட்டும்."

நான் பக்கத்திலேயே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

* அவன் எந்த இடத்தில் 'அவர்' ஆனார் என்று கேட்காதீர்கள். பட்டம் வாங்கியதால் அல்ல. எனக்கு வெட்கம் வந்ததால்.

5

ஒரு முடிவு: சுயம்புவிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் சிரித்து— [அடித்துவிட்டேன். அவர் சிரிப்பை எழுத நான் யார்?]

இன்னொன்று: யாருக்கும் தெரியாமல் என் காசையே பூவம்மாவுக்கு— [அப்போதும் என் பொய் பத்திரமாக இருக்கும்.]

நாளைக் காலையில் கூட்டம். எனக்கு வாய் எழாது. இந்தத் தாள்களை மங்கம்மாவிடம் கொடுப்பேன். அவளுக்கு எழுத்து தெரியாது. என்னை விட்டால் அங்கே படிக்கத் தெரிந்தவள், பதில் கேட்க வரும் பூவம்மா ஒருத்திதான். படிக்கச் சொல்லி மங்கம்மா அவளிடம்தான் நீட்டுவாள்.

ஆக, இதுவரை சத்தமாகப் படித்தது நீதானம்மா. இதிலும் உன்னிடமே வேலை வாங்குகிறேன். அண்ணன் பேர் வந்த இடத்தில் உன் குரல் நின்றதா, நிற்காமல் போனதா, எனக்கு எழுதத் தெரியவில்லை.

முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார். அடுத்த வாக்கியத்தை நீ சொல்லு.